யாருடைய வெள்ளாமை

"பாத்திரம் கழுவின தண்ணியக்கூட விட்டு வைக்க மாட்டியா நீ?"

மூத்தவன் போட்ட கூச்சலுக்குச் சின்னவள் அசையவில்லை. செத்துப்போன தம்பியின் மனைவி அவள். பின்வாசலில், கையில் வாளியோடு நின்றாள். வாளியில் பருக்கை மிதக்கும் அழுக்குத் தண்ணீர். அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

"சாக்கடைக்குப் போறதுதானே மாமா. என் தக்காளிக்கு ஊத்துறேன்."

"உன் தக்காளியா? நெலம் யார் பேர்ல இருக்கு?"

நிலம் அவன் பேரில்தான் இருந்தது. தம்பியின் பங்கையும் பிரிக்காமல் அமுக்கி வைத்திருந்தான். முன்பெல்லாம் கிணற்றில் ஆறு மணி நேரம் தண்ணீர் ஓடும். வருஷத்துக்கு வருஷம் மழை பொய்த்து, வெயில் ஏறி, இப்போது முக்கால் மணி நேரத்தில் மோட்டார் காற்றை உறிஞ்சுகிறது. அந்த முக்கால் மணி நேரமும் அவனுடைய மாதுளை மரங்களுக்கே. தம்பிக்கும் ஒரு தண்ணீர் முறை இருந்தது. அவன் போனதும் அதுவும் போனது. முறை ஆம்பளைக்குத்தான், பொம்பளை என்ன விவசாயம் பண்ணிவிடப் போகிறாள் என்று தெருவே சொன்னது. கிணறு வற்றியும் அந்தப் பேச்சு மட்டும் வற்றவில்லை.

நிலத்தின் ஒரு மூலையில் அவள் தன் பாட்டுக்குப் பாடுபட்டாள். செடிக்குச் செடி மண்பானையைப் புதைத்து, அழுக்குத் தண்ணீரை வடிகட்டி ஊற்றினாள். பானை கசிந்த ஈரம் வேருக்குப் போதுமானதாக இருந்தது. மண்மேல் காய்ந்த புல்லைப் பரப்பி, நிழலுக்குக் கிழிந்த போர்வைகளைக் கட்டினாள். மாதுளைப் பூக்கள் வெயிலில் கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது அவளுடைய தக்காளி காய்த்துத் தள்ளியது.

வறட்சி நிவாரணத்துக்காக அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. ஒவ்வொருவர் நிலத்திலும் ஒரு துண்டைக் குலுக்கல் போட்டு எடுப்பார்கள். அது விளைந்திருந்தால் முழு நிலமும் விளைந்ததாகவே எழுதுவார்கள். மூத்தவனுக்குக் குலுக்கலில் விழுந்தது அந்தத் தக்காளி மூலை.

காரியம் ஆகும்வரை காலைப் பிடிக்கிற ஆள் அவன். குரல் குழைந்தது.

"இந்தாம்மா, அந்தச் செடியெல்லாம் பிடுங்கிடு. நிவாரணம் வந்தா லாரித் தண்ணி வாங்கி மரத்தக் காப்பாத்திடலாம். நம்ம குடும்பத்துக்குத்தானே?"

"பிடுங்குறேன். அந்த மூலைய என் பேருக்கு எழுதிக் குடுங்க."

"பொம்பளைக்கு நெலம் எழுதினா நாலு பேரு சிரிப்பான்."

அவனே மண்வெட்டியோடு போனான். வரப்பில் அவள் அரிவாளோடு உட்கார்ந்திருந்தாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டான்.

மறுநாள் காலை அவள் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டாள். "எங்க நெலத்த அளக்குறாங்க, வந்து பாருங்க." ஆள் கூடினால் மூத்தவனின் வீம்பும் கூடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டாள்.

அதிகாரி குனிந்து பழத்தைத் தொட்டுப் பார்த்தார். "மரம் காஞ்சு கெடக்கு, இது மட்டும் எப்படிங்க? வேற யாராச்சும் பயிர் பண்றாங்களா? அப்படின்னா இத அவங்க பேர்ல தனியா எழுதிட்டு உங்க மரத்துப் பக்கம் அளக்குறேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"சொல்லுங்க மாமா," என்றாள் சின்னவள். "எல்லாரும் இருக்காங்க. இது யாரு வெள்ளாமை?"

'அவளோடது' என்ற ஒரு சொல் போதும், மரங்கள் பிழைத்திருக்கும். தெரு ஆண்கள் அவன் வாயையே பார்த்தார்கள். ஒருவன் இளித்தான்.

"பொம்பளை என்ன பண்ணுவா? எல்லாம் நான் பண்ணுனதுதான்!"

"ஆமாங்க," என்றாள் அவள். "எங்க மாமா ரொம்பக் கெட்டிக்காரரு. நல்லா எழுதிக்குங்க."

'பாதிப்பு இல்லை' என்று எழுதிய அதிகாரி மூத்தவனுக்குக் கைகொடுத்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

மூலை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் மாதுளை மொத்தமும் கருகியது. மூத்தவன் கோடரி போட்டபோது தெரு உச்சுக் கொட்டியது. சின்னவள் விறகைச் சுமந்து வந்து அடுப்பில் வைத்தாள். நன்றாகவே எரிந்தது.