நீலம் தடவிய கற்கள்

மலை நகராது என்ற தைரியத்தில்தான் கம்பத்துக்கு மேற்கே அதன் அடியில் வீடு கட்டினோம். மலை நகரவில்லை, கல்தான் நகர்ந்தது. ஐப்பசி மழையில் ஆட்டுரல் பருமனுள்ள ஒன்று உருண்டு வந்து எங்கள் தொழுவத்துச் சுவரில் முட்டி நின்றது. மாடு பிழைத்தது. என் வீட்டுக்காரர் சுருளிராஜனுக்குத்தான் பயத்தில் போன உயிர் இன்னும் திரும்பவில்லை.

"வீட்ட வித்துப்புட்டு பழனிசெட்டிபட்டியில வாடகைக்குப் போயிருவோம், முனீஸு."

"நான் வரல. பெயிண்டு வாடையே இன்னும் போகல, அதுக்குள்ள வாடகை வீடா?"

கோபத்தில் சொன்னேனே தவிர, பயம் எனக்கும் இருந்தது. பயத்தைவிட ஒரு கேள்வி அதிகமாகக் குடைந்தது. பாறையிலிருந்து உதிர்ந்த கற்கள் அதன் காலடியில் சரிவாகக் குவிந்து, பாசி பிடித்து, எத்தனையோ மழை பார்த்துவிட்டு அசையாமல் கிடந்தவை. இப்போது மட்டும் என்ன வந்தது? குரங்கு தள்ளுகிறது என்றார்கள். முனியாண்டிக்குக் கோபம் என்றார்கள். என் பெயரே முனீஸ்வரி. எனக்கும் அவருக்கும் என்ன பகை?

ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனேன். கிட்டப் போய்ப் பார்த்தால் விநோதமாக இருந்தது. சின்னச் சில்லுகள் மேலேயே தங்கிவிட்டன, பெரிய கற்கள்தான் அடிவரை உருண்டு வந்திருக்கின்றன. அந்தப் பெரிய கற்களின் இடுக்கில், அவை உருளாமல் அண்டை கொடுத்ததுபோல, கைக்கு அடங்கும் கற்கள். கண்ணில் பட்டதற்கெல்லாம் நீலம் தடவினேன். எது நகர்கிறது என்று பார்த்துவிடலாம்.

அடுத்த வாரம் போனேன். பெரிய கற்கள் இருந்தன, அண்டைக் கற்களில் பாதியைக் காணோம். உருண்டிருந்தால் கீழே கிடக்க வேண்டுமே? தேடித் தேடி முனியாண்டி கோயில்வரை வந்துவிட்டேன். அங்கே புளியமரத்தடியில், சொந்த வீடு வேண்டுபவர்கள் கல்மேல் கல்லாக அடுக்கிய குட்டி வீடுகள். அதில் பாதி நீலம்.

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல். எட்டி உதைக்கலாம்போல இருந்தது. ஆனால் அடுத்தவர் வேண்டுதல்மேல் கால் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்நேரம் மொக்கம்மாள் மதினி வந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். ஒழுகும் தகரக் கூரைக்குக் கீழே குடியிருப்பவர். மடியில் இரண்டு நீலக் கற்கள்.

"இத எங்கன எடுத்தீக, மதினி?"

"சரிவுலதான். மலையாப் பாத்துக் குடுத்த கல்ல வச்சாத்தான் பலிக்குமாம். உன் வீட்டுக்காரரும் வீடு கட்டுறதுக்கு முந்தி இப்படித்தான அடுக்குனாக. நீலமா இருக்கவும், சாமியே பெயிண்டு அடிச்சுக் குடுத்திருக்குன்னு நெனச்சேன்."

அந்த மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சாமி இல்ல, நான்தான் அடிச்சேன். அண்டைக் கல்ல இப்படிப் புடுங்கப் போயித்தான் பெரிய கல்லு என் தொழுவத்துக்கு வந்துச்சு. உங்களுக்கு வீடு வாறதுக்குள்ள எனக்கு இருக்கறது போயிரும், மதினி."

அவர் என்னையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சரிவுக்கு நடந்தார். பிடுங்கிய இடத்திலேயே இரண்டையும் செருகி, மேலே இன்னொன்றை ஏற்றிவைத்துக் கும்பிட்டார்.

"இங்கன அடுக்குனாலும் அடுக்குனதுதான? சாமிக்கு இம்புட்டுத் தூரம் கண்ணு தெரியாதா?"

மற்றவர்களிடமும் அவரே சொல்லியிருக்கிறார். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் பெரிய கற்களுக்கு அண்டையாகத்தான் அடுக்குகிறார்கள். கார்த்திகையில் மழை விடாமல் பெய்தும் ஒரு கல்லும் இறங்கவில்லை. வீட்டுக்காரர் வாடகைப் பேச்சை எடுப்பதில்லை.

மழை வலுத்தால் நான் பின்கதவைத் திறந்து சரிவைப் பார்க்கிறேன். அங்கே வீடில்லாதவர்கள் அடுக்கிய வீடுகள் வரிசையாக நனைந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் தயவில் என் வீடு நிற்கிறது. மொக்கம்மாள் மதினியின் கூரை இந்த மழைக்கும் ஒழுகுகிறது.