ஆறு திருகாணி

கொழும்புத் துறைமுகத்தில் குண்டு விழுந்த பங்குனியில், தேவதாசனைப் பெட்டியில் அடைத்துத் தோணியில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். மூடியில் ஆறு திருகாணி. எவனோ பழசைப் பொறுக்கி முறுக்கியிருக்கிறான். அத்தனையும் துருவேறி மரத்தைக் கவ்விக்கொண்டிருந்தன.

முகத்தைப் பார்க்காமல் குழிக்கு விடமாட்டேன் என்று அவன் பெண்டாட்டி ஜெபகனி பெட்டிமேல் விழுந்து கிடந்தாள். சவப்பெட்டியில் சுத்தியலோ கடப்பாரையோ படக்கூடாது என்பது தெருக் கட்டுப்பாடு. அதனால் தச்சர் அருமைநாயகத்தைக் கூப்பிட்டார்கள்.

திருகாணி கழற்றும் திருப்புளி விஷயத்தில் அருமைநாயகம் பொல்லாத மனுஷன். நுனி மெலிந்தால் ஆடும், தடித்தால் இறங்காது, பச்சை இரும்பானால் முறுகும். திருகாணித் தலையின் காடிப் பள்ளம் ஒருதரம் மழுங்கிவிட்டால் அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் கழற்ற முடியாது என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் பாடம் நடத்துவார். அப்படிப்பட்டவரையே சண்டைக்காலத்துக் கடைக்காரன் ஒருத்தன் ஏமாற்றி, பச்சை இரும்புத் திருப்புளி ஒன்றைத் தலையில் கட்டியிருந்தான். டப்பா திறக்க மட்டும் அதை வைத்திருந்தார்.

எண்ணெய் விட்டு, நல்ல எஃகுத் திருப்புளியைக் காடியில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. திருகாணி லேசாக அசைந்தும் கொடுத்தது. அப்போது பெட்டியோடு வந்த தேவதாசனின் கூட்டாளி செல்லப்பாண்டி அவர் காதில் குனிந்தான்.

"திறக்காதிய அண்ணாச்சி. முகமே இல்ல. சட்டைய வச்சுத்தான் அவன்னு எடுத்தோம்."

அருமைநாயகம் ஜெபகனியைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பாவி மகள் அதைப் பார்த்தால் உயிரோடு இருப்பாளா? எஃகை வைத்துவிட்டு மட்டமானதை எடுத்தார். சாய்த்து வைத்துப் பல்லைக் கடித்து முறுக்கினார். ஆறு தலையும் மொட்டையாயின. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வேண்டுமென்றே கெடுத்த வேலை அது ஒன்றுதான். கழறவில்லை என்று சொல்லிவிட்டார். அப்படியே அடக்கம் செய்தார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். ஜெபகனி தாலியைக் கழற்றவில்லை. கொழும்புத் தோணி வருகிறதென்றால் கரைக்கு ஓடி, இறங்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாதா கோயில் சாமியார் சொல்லியும் கேட்கவில்லை. சோறு இறங்காமல் எலும்பும் தோலுமானாள். வருஷம் திரும்பியபோது அருமைநாயகத்தின் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"பெட்டில இருந்தது அவுகதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி. இன்னைக்கே தாலியக் கழத்திருதேன்."

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். தாலியைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"எனக்குத் தெரியாது தாயி. திறந்திருக்கலாம். நான்தான் திறக்கல."

அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தலைகுனிந்து நின்றார். ஜெபகனியின் முகத்திலோ ஒரு வருஷமாக இல்லாத வெளிச்சம்.

"அப்ப அது அவுக இல்ல. அதான் மாதா ஒங்க கையப் பிடிச்சு நிறுத்தியிருக்கா."

சொல்லிவிட்டுக் கரைக்குக் கிளம்பினாள். அன்றைக்குத் தோணி வரும் நாள்.