ரெஜிஸ்டரில் இரண்டு பேர்

தீபாவளிக்கு லீவு கேட்காத ஒரே மனிதர் என்று அப்துல் ரசாக்குக்கு அந்த டேட்டா சென்டரில் பெரிய பெயர். கூடுவாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பேருக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லாமல் நிற்கிற நான்கு மாடிக் கட்டடம் அது. ஊரார் பேங்க் கணக்கு, ஊரார் போட்டோ, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அதற்குள்தான் கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் கரண்ட் போகாமல், சூடேறாமல், தீப்பிடிக்காமல் காப்பது ரசாக்கின் வேலை. "நீ போப்பா, நான் பாத்துக்கறேன்" என்கிற வார்த்தை அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். தீபாவளிக்கும் அதுதான், பொங்கலுக்கும் அதுதான். இந்த வருஷம் ரம்ஜானுக்கும் அதையே சொன்னபோதாவது, "ஏன் பாய், இது உங்க பண்டிகையாச்சே?" என்று ஒருத்தன் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. லீவு கிடைத்த சந்தோஷத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்!

விஷயம் வேறு. மனைவி பஷீரா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மகள் ஃபஹீமா கல்யாணமாகி துபாயில் இருக்கிறாள். சேலையூர் வீட்டுப் பூட்டைத் திறந்தால், காலையில் டீ குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். நகர்த்த ஆள் இல்லை. அந்த டம்ளரைப் பார்க்கப் பயந்துதான் மனிதர் ஊரார் ட்யூட்டியையெல்லாம் இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஆபீஸில் அதற்குப் பெயர் தியாகம்.

அந்த இடத்தில் ஒரு சட்டம் உண்டு. ஷிப்டில் எந்நேரமும் இரண்டு பேர் இருக்க வேண்டும். கரண்ட் போனால் கைகொடுக்கிற பேட்டரிகளை அடுக்கியிருக்கும் பேட்டரி ரூமுக்குள் ஒருவர் போனால் மற்றவர் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போனவர் மயங்கி விழுந்தால் வெளியே இழுக்க ஆள் வேண்டுமே. நல்ல சட்டம்தான். ஆனால் பண்டிகை என்று வந்துவிட்டால் நம் ஆட்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவர் வருவார். மற்றவர் முந்தின நாளே ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடுவார்.

இந்தத் தீபாவளிக்கு இரண்டாவது ஆள் ஜெபின். கல்யாணமாகி எட்டு மாதம். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன் தன் பெண் தீபலட்சுமியைக் காதலித்துக் கட்டிக்கொண்டான் என்று மாமனார் முகம் கொடுத்தே பேசாமல் இருந்தவர், இப்போதுதான் மனமிறங்கி, தலை தீபாவளிக்கு அனகாபுத்தூருக்கு வரச்சொல்லி போன் செய்திருந்தார்.

"போவலன்னா அவ்ளோதான் பாய். மறுபடி மூஞ்சிய திருப்பிக்குவாரு" என்றான் ஜெபின்.

"நீ போப்பா, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையும் மதியமும் போட வேண்டிய கையெழுத்தையெல்லாம், ஒரே தடவையில் போட்டது தெரியக்கூடாதென்று இரண்டு பேனாவில் போட்டுவிட்டுப் போனான். எமகாதகன்!

தீபாவளியன்று அந்தக் கட்டடத்துக்கு விடிந்ததிலிருந்தே பேஜார்தான். சுற்றியிருக்கிற லேஅவுட்களில் வெடிக்கிற வெடிப் புகை காற்றுக் குழாய் வழியாக உள்ளே வரும். புகை கண்டதும் அலாரம் அலறும். தீயணைக்கிற வாயு தானாகத் திறந்துகொள்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. யாரோ விட்ட ராக்கெட்டுக்காக அது வீணாய்ப் போகக்கூடாதென்று, அன்றைக்கு மட்டும் அதை நிறுத்தி, கையால் பட்டனை அழுத்தினால்தான் திறக்கும்படி மாற்றி வைப்பார்கள். ரசாக்கும் அப்படித்தான் வைத்திருந்தார். மதியத்துக்குள் பதினொரு தடவை அலாரம் அடித்தது. பதினொரு தடவையும் திட்டிக்கொண்டே அணைத்தார். அன்றைக்கு அவரோடு பேசியது அந்த அலாரம் மட்டும்தான்.

நாலரை மணிக்குப் பன்னிரண்டாவது அலாரம் அடித்தது. திரையில் பேட்டரி ரூம் என்று வந்தது. அணைக்கப் போன கை நின்றது. அந்த ரூமுக்கு வெளிக்காற்று போகாதே!

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வெடி மருந்து வாசனை இல்லை. அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பேட்டரி வயிறு வீங்கிப் புகைந்துகொண்டிருந்தது. உள்ளே கால் வைக்கப் போனவர், பழக்கத்தில் பின்னால் திரும்பி, "வாசல்ல நில்லுப்பா" என்றார். யார் நிற்பது? நீளமான காலி வராந்தாதான் இருந்தது.

நல்ல வேளை, அந்தக் காலி வராந்தா அவர் காலைப் பின்னால் இழுத்தது. கதவைச் சாத்தினார். வெளியே இருந்த சுவிட்சில் அந்த வரிசைக்குப் போகும் கரண்ட்டை நிறுத்தினார். வாயுப் பட்டனை அழுத்தினார். தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டுவிட்டு, இருமிக்கொண்டே வெளியே வந்து நின்றார். இன்னொரு வரிசை பேட்டரி பாரத்தை வாங்கிக்கொண்டதால் கம்ப்யூட்டர் ஒன்றுகூட நிற்கவில்லை. ஊரார் போட்டோவெல்லாம் பத்திரம்.

வண்டி வந்தது. அதிகாரி ஜீவரத்தினம் இறங்கினதும் கேட்ட முதல் கேள்வி, "உள்ள எத்தன பேர்?"

ரசாக் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் மாரி ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பாவம், அவன் ரெண்டு மணிக்குத்தான் ட்யூட்டிக்கு வந்தவன். "சார், ஜெபின் சாரு உள்ள கீறாரு சார்! ரெண்டு பேரு எழுதிக்கீது, ஒருத்தருதான் வெளிய வந்தாரு!"

அதிகாரி ரசாக்கைப் பார்த்தார். "எங்க பாய் அவரு?"

"அவன்... டீ குடிக்க வெளிய போயிருக்கான் சார்."

"வெளிய போனதா எழுதலையே. போன் போடுங்க."

ரசாக் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாமனார் வீட்டு வெடிச் சத்தத்தில் எங்கே கேட்கும்? சொன்னால் ஜெபின் வேலை போகும். தன் வேலையும் போகும். போனால் நாள் முழுக்க அந்த சேலையூர் வீடுதான்.

"உள்ளதான் விழுந்து கெடக்கான்" என்ற அதிகாரி, ஆட்களிடம் திரும்பி, "ரெண்டு பேர் மாஸ்க் மாட்டுங்க" என்றார். உள்ளே எதுவோ டமாரென்று வெடித்தது. அது தீபாவளி வெடி இல்லை. மாஸ்க் மாட்டியவர்களில் ஒருவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நெற்றியில் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த மினுமினுப்பு அப்படியே இருந்தது. அவன் வாசற்படியில் கால் வைத்தான்.

"போவாதீங்க!" ரசாக் பாய்ந்துபோய் அவன் தோளைப் பிடித்தார். "உள்ள யாரும் இல்ல சார். காலைலேர்ந்து நான் ஒருத்தன்தான்."

"ரெஜிஸ்டர்ல..."

"அது பொய் சார். நாங்க எழுதின பொய். அவன் வரவே இல்ல. பொங்கலுக்கும் நான் ஒருத்தன்தான். ரம்ஜானுக்கும் நான் ஒருத்தன்தான். வீட்லயும் நான் ஒருத்தன்தான் சார்."

கடைசி வார்த்தையை அவரிடம் யார் கேட்டார்கள்? துபாயிலிருந்து மகள் கேட்கிறபோதெல்லாம் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிச் சொல்லிப் பழகின வாய், முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் போய் அதைக் கொட்டிவிட்டது. அதிகாரி வாசல் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் வெளிய வாங்க. ஆள் இல்ல, உள்ள போக வேணாம். வெளியிலேர்ந்தே பாத்துக்கலாம்" என்று கத்தினார். மாரியிடமிருந்து ரெஜிஸ்டரை வாங்கி ஜெபின் பெயரை அடித்துவிட்டு, ஓரத்தில் 'ஒருவர் மட்டும்' என்று எழுதி ரசாக்கிடம் கையெழுத்து வாங்கினார். "மேலதிகாரிங்களுக்கு எழுதித்தான் ஆவணும் பாய்" என்றார். குரலில் கோபம் இல்லை.

வண்டிக்குப் பக்கத்தில் நடைபாதைக் கல்லில் ரசாக் உட்கார்ந்தார். இருட்டத் தொடங்கியது. லேஅவுட் பக்கம் வானத்தில் வாணம் பூப்பூவாய் விரிந்தது. போன் அடித்தது.

"கூப்ட்டீங்களா பாய்? வெடிச் சத்தத்துல காதுலயே விழல" என்றான் ஜெபின். பின்னால் குழந்தைகளின் கூச்சலும், "மாப்பிள்ளை, இலை போட்டாச்சு" என்கிற ஒரு பெரியவரின் குரலும் கேட்டன. "இன்னா பாய், எதுனா பிரச்சினையா? நான் வரட்டா?"

நீ இருப்பா, நான் பாத்துக்கறேன். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"சாப்ட்டுட்டு வா" என்றார் ரசாக். "வந்துடுப்பா ஜெபின். நான் தனியா இருக்கேன்."