கூடப் பிறந்த காளை

1

"ரெட்டைன்னு நீ வாயத் தொறந்தீன்னா—"

"தொறக்காம எப்புடிங்க? காளையோட சேந்து பொறந்த கெடாரி முக்காவாசி சினையே புடிக்காதுன்னு டாக்டரு—"

"காளைதான் பொறக்கையிலயே செத்துப்போச்சே. செத்தது வந்து இத என்ன பண்ணும்?"

பாலக்கோட்டில் நான் ஏறிய பஸ்ஸில், முன்சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி போட்ட சண்டை. முடிவதற்குள் அதியமான்கோட்டையில் இறங்கிவிட்டார்கள். அவனுக்கு மாது, அவளுக்குத் தீர்த்தம்மாள் என்ற பெயர்கள் நான் வைத்தவை. இனி வருவதும் என் பொறுப்பு.

2

விடிந்ததும் தீர்த்தம்மாள்... (வேண்டாம். எல்லாக் கதையிலும் விடிகிறது.)

கிடாரியை, ரெட்டை என்று சொல்லாமலே, பக்கத்துத் தெரு புஷ்பமேரிக்கு விற்பதாக மாது வாக்குக் கொடுத்துவிட்டான். சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் மகளை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். மாட்டோடு கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் இன்று புதுக்கயிற்றோடு வருவாள்.

3

மாட்டு டாக்டர் சொன்னதற்கான காரணத்தைப் படித்துப் பார்த்தால், மரபணுக்கள் பேசிக்கொள்வதுபோலத்தான் எனக்குக் காதில் விழுகிறது. வயிற்றில் இருக்கும் காளைக்கன்றிடம் எஸ்.ஆர்.ஒய். என்றொரு மரபணு. மனிதர் உட்பட அநேகமாக எல்லாப் பாலூட்டிகளிலும் ஆணிடம் இருப்பது. அது சாக்ஸ்9 என்ற இன்னொன்றை "எந்திரி" என்கிறது. அதற்குமேல் எஸ்.ஆர்.ஒய். பெரிதாகப் பேசுவதில்லை. எழுந்த சாக்ஸ்9 தன்னைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டு மற்றவற்றையும் கிளப்புகிறது. சூலகம் கட்ட வந்த மரபணுக்களை "நீங்க சும்மா இருங்க" என்கிறது. விந்தகம் உருவாகிறது. இரண்டு கன்றுக்கும் ரத்தம் கலந்து ஓடினால், அந்த விந்தகத்தில் ஊறும் சுரப்பு கிடாரிக்கும் போகும். கிடாரியிடம் அந்த மரபணுவே கிடையாது. ஆனாலும் அதன் சூலகம் வளராமல் போகும். காளை பிறக்கும்போதே செத்தாலும், உள்ளே நடந்தது நடந்ததுதான்.

ஆக, அண்ணன் தங்கச்சியைக் கெடு— (அடித்துவிட்டேன். செத்த கன்றின்மேல் பழி போட மனசில்லை. அப்புறம் யார்மேல் போடுவது? முதலில் எழுப்பியதன்மேலா, எழுந்து ஆடியதன்மேலா? எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது.)

4

முடிவு (அ): தீர்த்தம்மாள் சொல்லிவிடுகிறாள். புஷ்பமேரி வெறுங்கையோடு போகிறாள். பிறகு பார்த்தால் கிடாரி சினை பிடிக்கிறது, ரத்தம் கலக்காமல் தப்பிய சிலவற்றில் ஒன்று. மாது தீர்த்தம்மாளோடு பேசுவதில்லை.

முடிவு (ஆ): சொல்லவில்லை. புஷ்பமேரி சினை ஊசி போடுகிறவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். தெருவில் எதிர்ப்பட்டால் தீர்த்தம்மாள் வேறு பக்கம்...

முடிவு (இ): டாக்டரிடம் சோதித்துவிட்டுக் கொடுக்கலாம் என்கிறாள் தீர்த்தம்மாள். சோதனை என்றாலே ரெட்டை என்று தெரிந்துவிடும் என்கிறான் மாது.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதிலும் தீர்த்தம்மாள் என் வசனத்தைப் பேச மாட்டேன் என்கிறாள். அவளுக்கான இடத்தை விட்டு வைத்திருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

நான் யோசிப்பதற்குள் புஷ்பமேரி வந்தேவிட்டாள். புதுக்கயிற்றைக் கிடாரியின் கழுத்தில் கட்டுகிறாள். மாது மோட்டார் போடுவதுபோலக் கிணற்றுப் பக்கம் போய்விட்டான். அவள் கிடாரியின் முதுகைத் தடவிக்கொண்டே திரும்புகிறாள்.

"தீர்த்தக்கா, இத எப்பங்க சினைக்கு விடலாம்?"