சராசரியில் சேராத தாள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் பூக்களுக்கும் தண்ணீர் லாரிச் சண்டைக்கும் நடுவே அதுவாக வந்து விழுந்தது. ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சி அட்டையின் படம். ‘சுற்றுச்சூழல் தரம்: ஆற்றோரத் தெரு. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. சராசரி: மைனஸ் 14.’ கீழே இருபத்தேழு பேர் கைதட்டியிருந்தார்கள். நானும் ஒரு தட்டு தட்டினேன்.

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் முட்டிக்கொண்டேன். முதலில் எழுதியது இது:

[ஒரு காலத்தில் பளிங்கு போல ஓடிய அடையாறு, இன்று தன் கறுத்த முகத்தை]

வேண்டாம். ஆற்றைப் பற்றி அழகாக எழுதுகிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறான். அடுத்தது:

[தங்கபுஷ்பம் மிஸ் மிகவும் நல்லவர்.]

இதுவும் நிற்கவில்லை. ஆனால் கதை அவருடையதுதான். நல்லவரா என்பதைப் பிறகு பார்ப்போம்.

2

தங்கபுஷ்பம் அடையாறில் ஒரு தனியார் பள்ளியில் புவியியல் ஆசிரியை. புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனால்தான் பாடம் ஏறும் என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கைதான் வினையானது.

களப்பணிக்கு ஒரு தாள் உண்டு. பத்துக் கேள்விகள்: நாற்றம், ஆற்று நீர், குப்பை, சத்தம், நிழல், வீடுகளின் நிலை, இப்படி. மிக மோசம் என்றால் மைனஸ் இரண்டு, மிக நன்று என்றால் பிளஸ் இரண்டு. கடைசியில் கூட்டிக்கொள்ள வேண்டும். நாற்பது பிள்ளைகளும் மூக்கில் கைக்குட்டையோடு இரண்டு இரண்டு பேராகத் தெருவுக்குள் போனார்கள்.

அந்தத் தெருவில் இடப்பக்கம் மூன்றாவது வீடு ஜுவேரியாவுடையது. அவளும் அந்த நாற்பதில் ஒருத்தி. பள்ளிப் பதிவேட்டில் இருப்பது இந்திரா நகரில் அம்மாவின் தங்கை வீட்டு முகவரி. ஆற்றோர முகவரி கொடுத்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுடைய அம்மா ஹாஜிரா பீ அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் கண்ணால் ‘வேண்டாம்’ என்றாள். அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, முன்பின் தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

(மிஸ் இதைப் பார்க்கவில்லை. அப்படியானால் உனக்கெப்படித் தெரியும் என்பீர்கள். சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

3

முப்பத்தொன்பது தாள்களின் சராசரி மைனஸ் பதினான்கு. ஒரே ஒரு தாள் மட்டும் பிளஸ் பதினொன்று. நாற்றத்துக்கும் ஆற்று நீருக்கும் ஜுவேரியாவும் மைனஸ் இரண்டுதான் போட்டிருந்தாள். பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘சாக்கடைக் குழாய் எதிர்க்கரை ஃபிளாட்டுடையது. இந்த மைனஸ் அவங்க கணக்குல சேரணும்.’ மீதி எட்டுக் கேள்விக்கும் சேர்த்துப் பதினைந்து.

மிஸ் வகுப்பில் அவளை எழுப்பினார்.

“விளையாடுறியா?”

“இல்ல மிஸ்.”

“சத்தத்துக்கு பிளஸ் டூ போட்டிருக்க.”

“அது பஞ்சு அடிக்கிற மிஷின் சத்தம் மிஸ். அது கேட்டா வேலை இருக்குன்னு அர்த்தம்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

முப்பத்தொன்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். மெத்தை தைக்கும் ஷரீஃபின் மகள் ஜுவேரியா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

புள்ளிவிவரத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தோடு ஒட்டாத எண்ணை எடுத்துவிட்டுச் சராசரி காணலாம். ஊரோடு ஒத்து வாழாத எண்ணை ஊரை விட்டே தள்ளுவது. ஏன் ஒட்டவில்லை என்று பார்த்த பிறகே தள்ள வேண்டும் என்பதும் அந்த வழக்கத்தில் உண்டு. அதற்கு மிஸ்ஸுக்கு நேரமில்லை, கண்காட்சி மறுநாள். சிவப்புப் பேனாவால் தாளில் ஒரு குறுக்குக்கோடு போட்டார்.

இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம். இத்தனை வருடம் பிள்ளைகளைப் பார்த்தவருக்கு, ஒருத்தி தன் வீட்டைப் பற்றிப் பேசுகிறாள் என்று புரியாமலா போகும்? ஒருவேளை அவருக்குத் தெரிந்தே

(வேண்டாம். தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். மிஸ் இன்னும் வேலையில் இருக்கிறார்.)

4

கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினர் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜகோபாலன். அட்டையைப் படம் பிடித்தார். ஆற்றோரத்தை ‘அழகுபடுத்தக்’ கோரும் மனுவில் அதை இணைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டோம். இட்டோம் என்றுதான் எழுத வேண்டும். எண்பத்தாறாவது கையெழுத்து என்னுடையது. ஜுவேரியா எழுதிய குழாய் எங்கள் பின்சுவரிலிருந்துதான் போகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

நான்கு மாதத்தில் தெருவின் கதவுகளில் எண் எழுதினார்கள். தெருவை இடிக்கப் போகிறார்கள்; மாற்று வீடு முப்பது கிலோமீட்டர் தள்ளி, எட்டாவது மாடி. ஷரீஃப் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பள்ளிக்கு வந்தார். காரணம் என்ற இடத்தில் தெருவின் பெயரை எழுதினார். தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்றே மிஸ் ராஜகோபாலன் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

“அந்த அட்டைய மனுவுலேர்ந்து எடுத்துடுங்க சார். ஒரு பிள்ளையோட தாளை நான் சேக்கல, பிளஸ் பதினொண்ணு.”

“ஒண்ணுதானே? சேத்துத்தான் பாப்போமே.” கைப்பேசியில் கணக்குப் போட்டார். “பாத்தேளா, மைனஸ் பதிமூணு புள்ளி மூணு ஏழு அஞ்சு. முழுசா ஒரு மார்க்கூட ஏறலை. இதுக்கா இந்த வெயில்ல வந்தேள்?”

“நம்பருக்காக வரல சார். அந்தப் பிள்ளை அங்க குடியிருக்கா. அந்தத் தெருவைத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான்.”

“அது குழந்தைகள் போட்ட மார்க்கும்மா. நாமளா போட்டோம்? சரி, எழுத்துல குடுங்கோ. இந்த மாதிரி, நான் ஒரு தாளை நீக்கினேன்னு, உங்க ஸ்கூல் லெட்டர்ஹெட்ல.”

பள்ளியின் தாளில் பள்ளியின் தவறை எழுதினால் மறுநாள் வேலை இருக்காது. அது அவருக்கும் தெரியும், ராஜகோபாலனுக்கும் தெரியும். நான் காபியை முடித்தேன்.

5

முடிவு அ: மிஸ் கடிதம் எழுதுகிறார். அதிகாரி படித்துக் கண் கலங்குகிறார். தெரு பிழைக்கிறது. [எழுதிப் பார்த்தேன். கண் கலங்கிய வரியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.]

முடிவு ஆ: மிஸ் எழுதவில்லை. அடுத்த வருடம் வேறொரு தெரு, அதே பத்துக் கேள்வி. [இது நடக்கும். நடக்கும் என்பதால் எழுதக் கை கூசுகிறது.]

இதுவரை நடந்தது இதுதான். சனிக்கிழமை தங்கபுஷ்பம் கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார். கையெழுத்து மட்டும் போடவில்லை. நானும் கூடப் போனேன். துணைக்கு என்று அவரிடம் சொன்னேன். கதை கிடைக்கும் என்பதுதான் நிஜம்.

ஹாஜிரா பீ பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க மிஸ். உக்கார எடங்கூட இல்ல, எல்லாத்தையும் கட்டிக்கினு கீறோம்.”

மிஸ் பையைத் திறந்தார். அதற்குள் ஹாஜிரா பீயே பேசினார்.

“ஒண்ணு கேக்கணும் மிஸ். அன்னிக்கி நீங்கல்லாம் வந்தீங்கல்ல, நான் பம்புல தண்ணி புடிச்சிக்கினு இருந்தேன். எம் பொண்ணு கண்ணாலயே வேணாம்னா. நானும் மூஞ்சத் திருப்பிக்கினேன். அது பரவால்ல, வயசுப் பொண்ணு, கூடப் படிக்கிறவங்க முன்னாடி வெக்கமா கீது. ஆனா மார்க்கு போட்டாங்களாமே. எல்லாரும் மைனஸாமே. அவ எவ்ளோ போட்டா மிஸ்?”

“அவ சொல்லலையா?”

“கேட்டேன். வாயே தொறக்க மாட்டேன்றா. அவளும் மைனஸ்தான் போட்டாளா? அது தெரிஞ்சா போதும் மிஸ். அப்பறம் லாரி எப்ப வந்தா எனக்கு இன்னா.”

பிளஸ் பதினொன்று என்று மிஸ் சொல்லலாம். அந்தத் தாய்க்கு ஒரு நிமிடம் எல்லாம் திரும்பக் கிடைக்கும். அடுத்த நிமிடம், அந்தத் தாளை என்ன செய்தீர்கள் என்று கேட்பார். அதற்கான பதில் கையெழுத்தில்லாமல் பைக்குள் இருக்கிறது. சொல்லாமலும் வந்துவிடலாம். அப்படி வந்தால், மகள் தன்னை மறைத்தது மட்டுமல்ல, வெறுத்தும் விட்டாள் என்ற நினைப்போடு அவர் எட்டு மாடி ஏறுவார்.

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

முடிவை நான் எழுதப் போவதில்லை. மனுவில் கையெழுத்துப் போட்ட கை இது, இதற்கு அந்த உரிமை இல்லை. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாதவர் என்றால், ஹாஜிரா பீ சாக்கைக் கட்டாமல் நின்றுகொண்டிருக்கிறார், அவருக்கு நீங்கள் சொல்லுங்கள்.