இட்லி சோறில்லையாம்

என் மாமியார் அமிர்தத்துக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் நியாயம் பேச வரக்கூடாது.

கல்யாணமான நாற்பதாம் நாள் என் கணவர் செந்தில்குமார் சார்ஜாவுக்கு விமானம் ஏறினார். மூன்று வருடம் கழித்து, இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆடி மாதம், எனக்கு விசா வந்தது. அறுபது நாளுக்குள் அங்கே போய் இறங்காவிட்டால் அது செல்லாது.

அதே வாரம் மாமனார் வைரக்கண்ணுவின் கால் கட்டைவிரலில் புண் வந்தது. மயிலாடுதுறை டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றிலேயே சர்க்கரை இருநூற்று நாற்பது என்றார். சோற்றைக் குறைக்க வேண்டும், உடம்பும் இளைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். மாமனார் ஒரு காலத்தில் விடியுமுன் வரப்பில் நின்ற மனுஷன். மகன் பணம் அனுப்பத் தொடங்கியதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பாட்டை மட்டும் நடவுக் காலத்து அளவிலேயே வைத்துக்கொண்டார்.

அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கட்டும், அப்புறம் உனக்கு டிக்கெட் போடுகிறேன் என்று கணவர் போனில் சொல்லிவிட்டார். என் வாழ்க்கை ஒரு கிழவரின் கட்டைவிரலில் போய் மாட்டிக்கொண்டது.

மறுநாளே அடுப்படியை அமிர்தம் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் சனிக்கிழமையும் அமாவாசையும் இரவில் சோறு கிடையாது, பலகாரம்தான். எட்டு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு, இன்றைக்கு விரதம் என்று ஏப்பம் விடுவார்கள். அமிர்தம் எல்லா நாளையும் சனிக்கிழமை ஆக்கினார். காலையில் எட்டு இட்லி, மதியம் தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம் ஆறு, சாயங்காலம் சத்துக்கென்று இரண்டு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, இரவு தோசை. வீட்டில் சோற்றையே நிறுத்திவிட்டேன் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார். இடியாப்பமும் அரிசிதானே அத்தை என்று ஒருநாள் கேட்டேன். பலகாரத்தைப் போய் சோறு என்கிறாளே என்று பக்கத்து வீட்டு நீலாம்பாளிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு மாதம் கழித்துச் சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு. எடை நான்கு கிலோ கூடியிருந்தது. புண் காயவே இல்லை.

அன்று போனில் அமிர்தம் மகனிடம் என் எதிரிலேயே சொன்னார்.

"நான் ஒரு பருக்க சோறு போடலப்பா. ஒம் பொண்டாட்டிதான் காப்பியில சீனிய அள்ளிக் கொட்டுறா."

சர்க்கரை ஏறினால் என் பயணம்தானே நிற்கும், நான் ஏன் கொட்டப்போகிறேன்? அந்தக் கேள்வி அவர் மகனுக்குக்கூடத் தோன்றவில்லை. உண்மையா பூர்ணிமா என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் மெஷினை அனுப்புங்கள், பதில் அது சொல்லும் என்றேன்.

சார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்த தரங்கம்பாடி மீரா சாகிப் நாலாம் நாளே மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிடுமுன் ஒரு குத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. மாமனார் என்னைத் திட்டிக்கொண்டேதான் விரல் நீட்டினார். இடியாப்பம் தின்ற அன்று இருநூற்று எழுபது நானூற்று முப்பதுக்குப் போனது. கேழ்வரகுக் கஞ்சி குடித்த அன்று முந்நூற்று எண்பதைத் தாண்டியது. மூன்றாம் நாள் நான் சமைத்தேன். ஒரே ஒரு கிண்ணம் சோறு, தட்டில் பாதிக்குக் கீரையும் அவரைக்காயும், இரண்டு துண்டு மீன். முந்நூற்றுப் பத்தோடு நின்றது. அமிர்தம் பழி சொன்ன என் காப்பி ஏற்றவே இல்லை, அதில் சீனியே கிடையாது.

நம்பர்களைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி போனில் படித்தேன். எதிரி சோறு மட்டுமில்லை. மாவாக அரைத்தாலும் கஞ்சியாகக் கரைத்தாலும் வயிற்றில் இன்னும் வேகமாகச் சர்க்கரையாகிறது, அளவும் மூன்று மடங்கு என்றேன். மெஷின் பொய் சொல்கிறது என்றார் அமிர்தம். இந்தத் தடவை மகன் அவரை நம்பவில்லை.

அடுப்படி என் கைக்கு வந்தது. அளந்து போட்டேன், சாப்பிட்டதும் வாய்க்கால் வரை நடக்க விரட்டினேன். பதினான்கு நாளில் வெறும் வயிற்றில் நூற்று முப்பத்தைந்து. எடை இரண்டு கிலோ இறங்கியது, புண் காய்ந்து பொருக்கு தட்டியது. விசாவுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

டிக்கெட் போடுங்கள் என்றேன். கணவர் இருமினார்.

"நீ இருக்கறதுனாலதான பூர்ணிமா அப்பாவுக்கு எறங்கியிருக்கு. அம்மாகிட்ட வுட்டா பழையபடி ஆயிடும். விசா அப்புறம்கூட எடுத்துக்கலாம்."

அமிர்தம் தலையைக் குனிந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, நான் போனால் மகன் பணம் நின்றுவிடுமே என்ற பயம் தீர்ந்ததுபோல. ஜெயித்துக் காட்டி நானே என்னைக் கட்டிப்போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு இட்லியைத் தட்டில் அடுக்கி, மேலே சட்னியைக் கொட்டி, மாமனார் முன் நங்கென்று வைத்தேன். சாப்பிடுங்க, விரல் போனால் போகட்டும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

அவர் என்னையும் பார்த்தார், தட்டையும் பார்த்தார். இரண்டு இட்லியை எடுத்துக்கொண்டு மீதியை மனைவி பக்கம் தள்ளினார். பிறகு மெஷினைக் கொடு என்றார். என் கையிலிருந்து பிடுங்கி, தானே குத்தி, தானே ரத்தத்தைத் தொட்டுவைத்து, நம்பரை உரக்கப் படித்தார். நூற்று முப்பது. அத்தனை நாளும் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார்.

"ஊரு வயலுக்கெல்லாம் மொற வச்சு தண்ணி அளந்து வுட்டவன் நானு. ஒரு சொட்டு ரத்தத்த அளக்க எனக்கு இவ காவலா?"

போனை வாங்கி மகனுக்குப் போட்டார்.

"இவளக் கூப்புட்டுக்கடா. எப்பப் பாரு தட்டுல கண்ண வச்சுக்கிட்டு நிக்கிறா. இவ இங்க இருந்தா சக்கரை எறங்கும், ரத்தக்கொதிப்புல நான் போய்ச் சேந்துடுவேன்."

அமிர்தம் வாயைத் திறந்தார். மாமனார் அவர் பக்கம் திரும்பினார்.

"நீ பேசாத. ரெண்டுக்கு மேல ஒரு இட்லி வச்சின்னா தட்டு தெருவுக்குப் போவும்."

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே ஆசீர்வாதம் அந்தத் திட்டுதான். நான் நன்றி சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினேன். கூடத்தில் அமிர்தம் ஆறு இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.