தொழுவத்துச் சாணம்

முப்பிடாதியம்மாள் முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டுச் சாணத்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கல், வைக்கோல், கயிற்றுத் துண்டு எதுவும் தங்கிவிடக் கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். கரைத்த சாணம் பக்கத்துக் குழிக்குள் இறங்கும். குழியின்மேல் கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம், உள்ளே கேஸ் சேரச் சேர ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும். இன்று அது எழும்பாமல் அடியிலேயே கிடந்தது. தில்லி அதிகாரிகள் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற நாள் பார்த்து இது இப்படிப் படுத்துக்கொண்டதே என்று அதையே எட்டி எட்டிப் பார்த்தாள்.

இலஞ்சிக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து அவளுக்குச் சிவனணைந்தபெருமாள் முதலாளியின் தொழுவத்தில்தான் வேலை. தொழுவம் கூட்டுகிறவளுக்கே சாணம் என்பது அங்கே வழக்கம். கையில் கொடுக்கிற சம்பளம் வெற்றிலை பாக்குக்குக் காணாது. சாணத்தை வறட்டி தட்டி, பாதியைத் தென்காசி டீக்கடைகளுக்கு விற்று, மீதியை எரித்துத்தான் அவள் குடும்பம் நடந்தது. போன வருஷம் சர்க்கார் மானியத்தில் இந்த கேஸ் டிரம் வந்தது. முதலாளி வீட்டு அடுப்பில் நீலமாய்த் தீ எரிவதை ஊரே வந்து வாய் பிளந்து பார்த்தது. "இனி ஒரு கை சாணி வெளிய போகப்பிடாது" என்றார் முதலாளி. சம்பளத்தைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்கிற வாய் இருந்தால் அவள் ஏன் சாணம் அள்ளிக்கொண்டு கிடக்கிறாள்?

மலைக்கு விறகு பொறுக்கப் போனால் காட்டிலாகா கார்டு அரிவாளைப் பிடுங்கிக்கொள்கிறான். பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச எதையாவது எரித்தாக வேண்டும். அதனால் புல்லுக்கட்டுக்குள் மறைத்துத் தினமும் கொஞ்சம் சாணம் கொண்டுபோனாள். அது களவுதான். வேறு பேர் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

ஜீப் வந்து நின்றது. தில்லிக்காரர்கள் இரண்டு பேர், வெள்ளைக்காரர் ஒருவர், அவருடைய பெண்சாதி, கூடவே கேஸ் ஆபீசர் ஞானதுரை. முதலாளி மாலை போட்டார். எல்லாரும் டிரம்மைச் சுற்றி நின்றார்கள். ஞானதுரை அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து தீக்குச்சி கிழித்தார். ஒன்றும் பற்றவில்லை. மறுபடி கிழித்தார். அவர் காது சிவந்துபோயிற்று.

"என்னட்டி இது? சாணி ஒழுங்காப் போட்டியா இல்லியா?" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. சாணம் வழிகிற கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"கொஞ்சங் கொஞ்சமா எடுத்துட்டுப் போயிட்டேன் முதலாளி. அடுப்பெரிக்க. தெரியாமச் செஞ்சிட்டேன்."

வெள்ளைக்காரர் என்னவென்று விசாரித்தார். ஞானதுரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எல்லாரும் மெல்லச் சிரித்தார்கள். வெள்ளைக்காரரின் பெண்சாதி கேமராவைத் தூக்கினாள். முப்பிடாதியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். நிலம் பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"விருந்தாளுவளுக்குச் சோறு பொங்கணும். எடுத்த வறட்டிய பூராத்தையும் கொண்டாந்து போடு" என்றாள் முதலாளியின் பெண்சாதி செண்பகவல்லி ஆச்சி.

கூடையில் வறட்டியை அடுக்கித் தலையில் வைத்துத் தெரு வழியே சுமந்தாள். ஒரு நடையில் முடியவில்லை. "யாருக்குட்டி விக்கிற?" என்று தெருவில் ஒருத்தி கேட்டாள். அவள் நடையை எட்டிப் போட்டாள். கேட்டவளுக்கு ஆச்சி வீட்டு வேலைக்காரி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கடைசிக் கூடையோடு வரும்போது வாசல்தோறும் ஆள் நின்றது.

பின்கட்டில் கூடையை இறக்கும்போது தொட்டிப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. முதலாளிக்குப் பக்கத்தில் ஞானதுரை ஒரு கை கரைசலை அள்ளி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பினாயில் வாடைலா அடிக்கி அண்ணாச்சி. யாரு ஊத்துனா?"

"வெள்ளக்காரனுக்கு மாட்டு வாட ஆவாதுன்னு ஆச்சி தொழுவத்தப் பினாயில் ஊத்திக் கழுவச் சொன்னா, போன வாரம். சாணி வீணாப் போகப்பிடாதுன்னு கழுவுன தண்ணியத் தொட்டியிலயே தள்ளச் சொல்லிட்டா."

"அதான் சோலி முடிஞ்சிட்டு. கேஸ் உண்டாக்குத கிருமி பூரா செத்திருக்கும். அவ எடுத்த சாணியால டிரம் ஒண்ணும் படுக்காது."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ஒம்ம ரிப்போர்ட்டுல எப்படி எழுதுவீரு?"

"அவதான் ஒத்துக்கிட்டாளே" என்றார் ஞானதுரை. "அப்படியே இருக்கட்டும். ஆச்சி பேரு எதுக்கு?"

கழுவியவள் முப்பிடாதியம்மாள்தான். வாளி வாளியாய்த் தள்ளியதும் அவள்தான். ஓடிப்போய், கேட்டேன் முதலாளி, எல்லாத்தையும் கேட்டேன் என்று சொல்லலாம். ஆனால் சாணம் எடுத்தது பொய்யில்லையே. அந்தக் கூச்சத்தில் அடுப்புப் பக்கமே திரும்பிவிட்டாள். அடுப்புக்கு முன்னால் குந்தி வறட்டியை ஒடித்துத் தள்ளினாள். எரித்தது போக மழைக்காலத்துக்கென்று வருஷம் பூராவும் சேர்த்தது நன்றாகக் காய்ந்திருந்தது. அண்டா சீக்கிரமே கொதித்தது.

கூடத்தில் இலை போட்டாயிற்று. தில்லிக்காரர் ஒருவர் தமிழர்தான். முதலாளியிடம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். "இந்த விஷயத்துல உலகத்துக்கே நாமதான் வழிகாட்டப் போறோம் சார். எண்ணெயும் வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம். அவங்க நம்மகிட்ட வந்து கத்துக்கப் போறாங்க." வெள்ளைக்காரர் சாம்பார் நன்றாயிருப்பதாகச் சொன்னதை அவரே தமிழில் சொல்லிக் காட்டினார். பின்கட்டில் புகை அவளுடைய கண்ணைக் கரித்தது.

பாத்திரம் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்த பிறகு, ஆச்சி அவள் மடியில் உழக்கு அரிசி போட்டாள். "களவெடுத்தவளுக்கும் குடுக்கேன் பாத்துக்க. நாளைக்கு வெள்ளன வந்துரு."

வீட்டில் பிள்ளைகள் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அரிசியைக் களைந்து பானையில் போட்டாள். பிறகுதான் அடுப்பைப் பார்த்தாள். எரிக்க ஒரு துரும்பு இல்லை.

பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, உலை வைக்கலியா? விளக்கு வைக்க நேரமாச்சே."

இரண்டு வறட்டி கடன் கேட்டால் ரெங்கம்மாள் கொடுப்பாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கூடையை நினைத்ததும் கேட்க வந்த வாய் மூடிக்கொண்டது.

"இல்லக்கா. விருந்துச் சோறு குடுத்தாவ. வயிறு நெறையத் தின்னாச்சி."

பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஊறிய அரிசியில் ஒரு பிடி அள்ளி, பச்சையாகவே சின்னவள் கையில் வைத்தாள்.